வாய் திறக்காமல் சாப்பிட்ட மீன்

மீன் பொரித்து விற்கும் அந்தக் கடைக்கு நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் எத்தனை கிளை இருக்கிறதோ தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே எண்ணெய் நாற்றமாகத்தான் இருக்கும். புவாண்ட்-கிளேரில் கடைத்தொகுதி ஓரமாக இருக்கும் கிளைக்குள் நான் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன். இனிச் செத்தாலும் போகமாட்டேன்.

போனது தங்கைக்காக. அவள் விரும்பிய பெடியனின் தாய் எங்களைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டால் பாதிச் சம்மதம் என்று ஆகிவிடும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆகாது, ஆகவே மீன்கடை. மலிவு என்பதும் ஒரு காரணம் என்று நான் சொன்னதற்குத் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்து பஸ்ஸில் போகும்போது எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அப்பா மன்னார் ரவுணிலை கடை வைச்சிருக்கிறார் எண்டு சொல்லியிருக்கிறம். நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். உன்ரை வாய் எனக்குத் தெரியும்."

"ஆற்றை யோசனை இது? உன்ரையோ, அவன்ரையோ?"

"அவற்றை அம்மா சாதி பாக்கிற ஆள், அக்கா. கலியாணம் முடியட்டும். பேந்து சொல்லலாம் எண்டு அவர்தான் சொன்னவர்."

எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் பிடித்த மீனை விற்றுத்தான் நாங்கள் இருவரும் படித்தோம், விமானம் ஏறினோம். அவரைத் தோணியில் இருந்து இறக்கிக் கல்லாவில் உட்கார வைக்க அந்தப் பெடியனுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தங்கை என் கையைப் பிடித்தபடி இருந்தாள். கட்டினால் இவனைத்தான் என்று இருக்கிறவள். வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மேசை பிசுபிசுத்தது. மீன் என்று வந்தது ஒரு மஞ்சள் கட்டை. தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை. மாவைக் கிழித்தால் உள்ளே நனைந்த பஞ்சு மாதிரி வெள்ளையாய் ஏதோ இருந்தது. எந்தக் கடலில், எந்த வருடம் செத்ததோ. கூட வந்த இறாலை மாவுக்குள் தேடத்தான் வேண்டியிருந்தது. இதைச் சாப்பிடுவதுதான் தவக்காலத்து ஒறுத்தல் என்றால் எனக்கு மோட்சம் நிச்சயம்.

அந்த அம்மா சிலுவை அடையாளம் போட்டார். ஒரு துண்டு மீனைக் கடித்தார். விசாரணையைத் தொடங்கினார்.

"மன்னாரிலை எந்தப் பங்கு, பிள்ளை?"

எங்களுக்குள் சாதியை நேரே கேட்க மாட்டார்கள். பங்கைக் கேட்பார்கள், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று. கோயிலைச் சொன்னால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் மிச்சமும் தெரிந்துவிடும். கும்பிடுகிற இடத்தை வைத்தே ஆளை அளக்கிற கெட்டித்தனம். தங்கை மனப்பாடம் செய்து வந்த நகரப் பங்கின் பெயரைச் சொன்னாள்.

"அப்பிடியோ. கடக்கரைப் பக்கமோ எண்டு நினைச்சிட்டன். குறை நினையாதேங்கோ, என்ன. முகவெட்டு அப்பிடி இருந்துது."

நல்லவேளை, என் வாய் நிறைய மாவு. எல்லாம் தெரிந்த பெடியன் கிழங்குப் பொரியலை வெள்ளைச் சோஸில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மேசையில் கிடந்த என் போன் அதிர்ந்தது. அப்பா. இங்கே பின்னேரம் என்றால் அங்கே விடியப்புறம், தோணி தள்ளுகிற நேரம். கடலுக்குப் போகும் நாளெல்லாம் கரையில் நின்று வீடியோவில் அழைப்பார். "போட்டு வாறன்" என்பார். "போட்டு வாங்கோ அப்பா" என்போம். அவ்வளவுதான் பேச்சு. வேலையில் கூட்டத்துக்கு நடுவிலும் எழும்பிப் போய் எடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லை வாங்காமல் எங்கள் வீட்டில் ஒருவரும் கடலில் இறங்குவதில்லை.

தங்கை வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

"எடுங்கோவன் பிள்ளை. ஆர்?" என்றார் அந்த அம்மா.

"அவையின்ரை அப்பா," என்றான் பெடியன். "கடை திறக்க முதல் சும்மா எடுக்கிறவர். பேந்து எடுக்கலாம்."

தங்கை அவனைப் பார்த்தாள். அப்பா எதற்கு அந்த நேரம் அழைக்கிறார் என்று அவனுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அவன் இன்னொரு கிழங்கைத் தோய்த்தான். அவள் கையை நீட்டி என் போனை எடுத்தாள்.

காற்று இரைந்தது. திரையில், நெற்றியில் லைட் கட்டிய அப்பா, பின்னால் தோணி.

"என்ன பிள்ளை, எடுக்கிறியள் இல்லை. எல்லாரும் எனக்காண்டி நிக்கிறாங்கள்."

"பெடியன்ரை அம்மாவோடை இருக்கிறம் அப்பா." போனை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "எங்கை போறியள் எண்டு இவவுக்குச் சொல்லுங்கோ."

"கடலுக்குத்தான். வேறை எங்கை?" அப்பா சிரித்தார். "வணக்கம் அம்மா. சுகமா இருக்கிறியளோ?"

அந்த அம்மா கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"மாப்பிள்ளை எங்கை? காட்டு பாப்பம்," என்றார் அப்பா.

தங்கை போனை அவன் பக்கம் திருப்பினாள். அவன் தாயைப் பார்த்தான். திரையைப் பார்க்கவில்லை. அப்பா வெளிச்சத்தோடு காத்துக்கொண்டு நின்றார். அவன் தலையைக் குனிந்து ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டான்.

"அவர் சாப்பிடுறார் அப்பா," என்றாள் தங்கை. "நீங்கள் போட்டு வாங்கோ."

போனை என்னிடம் தந்துவிட்டுக் கோட்டைப் போட்டாள். கொடுத்த வாக்குப்படி நானும் ஒரு சொல் பேசாமல் எழும்பினேன். பஸ்ஸில் கனநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் என் தோளில் சாய்ந்தாள்.

"இனி நீ கதைக்கலாம், அக்கா."