செத்தவனின் மீசை

எழுபதுகளில் ஒரு மாட்டுச் சந்தை நாள் சாயங்காலம், கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வேலந்தாவளத்துக் கொட்டகையில் ஒரு துப்பறியும் படம் பார்த்தேன். அதன் பெயர் நினைவில்லை. கதாநாயகி யார், பாட்டு இருந்ததா, ஒன்றும் தெரியாது. ஆனால் அதில் செத்தவனின் மீசையை மட்டும் மறக்கவே மாட்டேன். அதை வைத்து என் சொந்த மீசையைப் பந்தயம் கட்டிய புத்திசாலி நான்.

எங்கள் கொட்டகைக்கும் எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்த தமிழ்நாட்டு ஊர்க் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் வரும். அங்கே முன்னதாகவே படத்தைத் தொடங்கிவிடுவார்கள். ஓடி முடிந்த ரீல்களை இரண்டு ஆட்கள் மாறி மாறிச் சைக்கிளில் எங்களுக்குக் கொண்டுவருவார்கள். அன்று பாதியில் திரை வெள்ளையாக நின்றுவிட்டது. ஒரே சீட்டி, கூச்சல். ஒருவழியாகப் படம் மறுபடி ஓடியது. முறுக்கு மீசைக்காரன் ஒருவனைக் குத்திக் கொன்றார்கள். சற்று நேரத்தில் அதே ஆள் மீசையில்லாமல் ஓட்டலில் உட்கார்ந்து தோசை தின்றான்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. "டபுள் ஆக்ட்டு!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

மறுநாள் டீக்கடையில் பக்கத்துத் தோட்டத்துச் சிநேகிதன் என்னோடு மல்லுக்கு நின்றான். "அவன் சாகவே இல்லடா மாப்ளே. போலீச ஏமாத்த மீசைய எடுத்துட்டுத் திரியறான்."

"வயித்துல குத்துன கத்தி முதுகுல வந்துச்சு. எந்திரிச்சு வந்து தோசை திங்கறானாக்கும்? படத்துல அவன் அம்மா போட்டோவ எதுக்குடா அத்தன நேரம் காட்டுனாங்க? ரெட்டைங்கறதுக்குத்தான்!"

கடையே இரண்டு கட்சியானது. மாட்டுத் தரகர்கள் கூட வந்த வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னார்கள். யார் சொன்னது தப்போ அவன் மீசையை எடுக்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலும் பந்தயம் கட்டினோம்.

அந்த வாரமே எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் அந்தத் தமிழ்நாட்டு ஊர்க்காரி. துணைக்கு வந்த சிநேகிதன் சும்மா இருந்தானா? காப்பி வருவதற்குள் படப் பேச்சை எடுத்துவிட்டான். நானும் இடம் பொருள் தெரியாமல் பெண் வீட்டிலேயே குரலை உயர்த்தினேன். அப்பா தொடையில் கிள்ளினார்.

காப்பித் தட்டோடு வந்த பெண் நின்றாள். "அந்தப் படம் நாங்களும் பாத்தமுங்க" என்றாள். பந்தயம் என்னவென்று சிநேகிதன் சொன்னதும் என் மீசையை ஒருதரம் பார்த்தாள். "செத்தது செத்ததுதானுங்க. ஆனா ரெட்டையெல்லாம் இல்லீங்க. மீசையில்லாமத் தோசை தின்னது மொதல்ல. அப்பறம் மீசை வளத்தாரு. அதுக்கப்பறந்தான் குத்துனாங்க."

அவள் அண்ணன் சிரித்துவிட்டார். "அன்னிக்கு உங்கூர்ல சந்தையல்லங்க? மொதல்ல போன சைக்கிளு செக்போஸ்ட்டுல மாட்டுக் கூட்டத்துல சிக்கிக்கிச்சாம். பின்னால போனவன் ஆத்துல எறங்கி முந்திட்டானாம்."

முன்பின் பார்க்காமல் கைக்கு வந்த ரீலை எங்கள் ஆபரேட்டர் ஓட்டிவிட்டிருக்கிறார்! நானும் தோற்றேன், அவனும் தோற்றான்.

பெண் பிடித்துவிட்டது என்று அங்கேயே பேசி முடித்து, மூன்றாம் நாள் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதிசெய்வதாக வைத்துக்கொண்டார்கள். எனக்கோ பந்தயக் கவலை. எங்கள் பக்கம் மீசை எடுத்தவனைக் கண்டால் வீட்டில் யார் தவறிப்போனார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். சகுனம் பார்த்துச் சம்பந்தமே வேண்டாமென்று விட்டால்? "கல்யாணம் முடியட்டும், அப்பறம் எடுத்துக்கலாம்" என்றார் அப்பா. ஆனால் பந்தயத்தை அவள் காதால் கேட்டிருக்கிறாளே. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்று அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியாது. உறுதிக்கு முந்தின நாள் சிநேகிதனும் நானும் சலூனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மழித்துக்கொண்டோம். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது.

பயந்தபடிதான் ஆயிற்று. வாசலிலேயே பெண்ணின் பெரியம்மா வழிமறித்தார். "ஏனுங்க, அன்னிக்கு வந்த மாப்பிள்ளை இவரில்லீங்களே! அவருக்கு மீசை இருந்துச்சே!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது அவரோட அண்ணனுங்க பெரீம்மா. இவுங்க ரெட்டை. எனக்கு இவரே போதுமுங்க."

முதலில் சிரித்தது அவள் அண்ணன். பிறகு வீடே சிரித்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. உப்பும் சர்க்கரையும் நல்லபடியாகக் கைமாறின.

பெரியம்மா மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டார். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்தும் என்னைப் பார்த்தால் முதலில் விசாரிப்பார்: "அண்ணன் சௌக்கியமுங்களா? அவருக்கு ஒரு பொண்ணு அமைஞ்சுதுங்களா?"