மாடு தின்னும் நட்சத்திரம்

ஜிகினாவை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வாயிலேயே ஒரு பிடி அள்ளிப் போட வேண்டும். இந்த ஜனவரியிலிருந்து எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை. கல்யாணப் பந்தலில் மின்னினாலும் குமட்டுகிறது, பிறந்தநாள் தொப்பியில் மின்னினாலும் குமட்டுகிறது.

நானும் என் ஓரகத்தியும் மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாமைத் தாளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்கிறோம். கதிரடித்த பிறகு மிஞ்சும் காய்ந்த வைக்கோல் தாள்தான். அதை நனைத்து, மடக்கி, கற்றாழை நாரால் கட்டி, நடுவில் ஒரு கேழ்வரகுக் கதிரை ஒட்டுவோம். முதல் வருஷம் திருப்பத்தூரில் ஒரு சர்ச் தெருவில் கூடையோடு நின்று விற்றோம். அப்போது வாங்கிய ஒரு அக்கா, மறுவருஷம் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கறவை மாடு வைத்து, பால் ஊற்றிப் பிழைப்பவர்.

"இன்னாம்மா நட்சத்திரம் செய்றீங்க? பண்டிகை முடிஞ்சு கழட்டிப் போட்டா, எங்க மாடு முழுசா தின்னுட்டு இன்னும் குடுன்னு நிக்குது!"

அதைவிட நல்ல விளம்பரம் எங்களுக்கு எங்கே கிடைக்கும்? அன்றிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரத்திலும் ஒரு சின்ன அட்டையைத் தொங்கவிட்டோம். "பண்டிகை முடிந்ததும் மாட்டுக்குப் போடுங்கள்."

எழுதுவது சுலபம். அதைக் காப்பாற்றப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மைதாப் பசை காய்ச்சும்போது எலியும் பூச்சியும் வராமலிருக்க மயில்துத்த விஷம் போடுவார்கள். நாங்கள் போடவில்லை, பாதிச் சரக்கை எலி தின்றது. சிவப்பாக ஏதாவது இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று ஓரகத்தி மடி நிறையக் குன்றிமணி பொறுக்கி வந்தாள். அவ்வளவு அழகு. "மாடு தின்னா செத்துப் போய்டும்டி" என்று திரும்பக் காட்டிலேயே கொட்டிவிட்டு வரச் சொன்னேன். அவள் என்னோடு சரியாகப் பேசவே சில நாளாயிற்று.

போன வருஷம் திருப்பத்தூரில் ஒரு ஃபேன்சி கடைக்காரர் மொத்தச் சரக்கையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இனி கூடையோடு தெருவில் நிற்க வேண்டாம் என்ற நிம்மதியில் ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். பொங்கலுக்கு முன்னால், அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் அவர் கடைக்குப் போனேன்.

விற்காமல் மிஞ்சியவை கண்ணாடிப் பெட்டியில் கிடந்தன. நானே கட்டிய நட்சத்திரம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தங்கப் பெயின்ட் அடித்து, ஏதோ பசையைத் தடவி, அதன்மேல் ஜிகினாத் தூளைக் கொட்டி வைத்திருந்தார்கள். தொட்டால் விரலெல்லாம் பிசுபிசுத்தது. பெயின்ட் நாற்றம் மண்டைக்கு ஏறியது. அடியில் எங்கள் அட்டை மட்டும் அப்படியே தொங்கியது.

"இன்னாண்ணா இது?"

"வெறும் வைக்கோல யாரும்மா வாங்குவாங்க? பளபளன்னு இருந்தாத்தான் போவுது."

"அந்த அட்டையையாவது கிழிச்சிருக்கலாமே?"

"அத்தப் பாத்துதாம்மா வாங்குறாங்க! டவுன்ல யாரு மாடு வெச்சினு இருக்காங்க? படிச்சிட்டு சந்தோசப்படுவாங்க, அவ்ளோதான்." டீ சொல்லட்டுமா என்று வேறு கேட்டார்.

டவுனில் மாடு வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். டீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

மார்கழி இன்னும் முடியவில்லை. அந்தப் பால்கார அக்கா வீட்டுத் தெருவில் வாசலுக்கு வாசல் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வெயிலில் தரையெல்லாம் மினுமினுத்தது. கோலப்பொடியிலும் இந்தக் கருமத்தைக் கலக்க ஆரம்பித்துவிட்டார்களா என்று திட்டிக்கொண்டேதான் நடந்தேன். அந்தத் தெருவுக்கே சாணி எங்கிருந்து போகிறது என்பது அக்கா வீட்டுத் தொழுவத்தில் நின்றபோதுதான் உறைத்தது. மாட்டின் காலடியில் கிடந்த சாணியிலும் தங்கப் பொடி மின்னியது.

மாடு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அசை போடவில்லை.

"நேத்துலருந்து தீனி எடுக்கல. டாக்டரு வந்து இன்னா தின்னுச்சுன்னு கேட்டாரு. நட்சத்திரம்னு சொன்னா சிரிக்கிறாரு." அக்கா சிரிக்கவில்லை. "இந்த வாட்டி கடையில வாங்குனது கொஞ்சம் சாயமா இருந்துச்சு. கழுவித்தாம்மா போட்டேன். பக்கத்து வூட்டுல மாட்டனதையும் கேட்டு வாங்கியாந்து போட்டேன். நீங்க எழுதி வெச்சிருந்தீங்களே, அந்த நம்பிக்கைதான்."

பெயின்ட் அடித்தது நாங்கள் இல்லை, கடைக்காரர் என்று படபடவென்று சொன்னேன். அக்கா தலையாட்டினார். கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. பையிலிருந்து மாதிரி நட்சத்திரத்தை வெளியே எடுத்தேன். வெறும் தாள், நார், கதிர்.

"பாருங்கக்கா, நாங்க செய்றது இதுதான்."

தாள் வாசனைக்கு மாடு மெல்லத் தலையைத் தூக்கியது. என் கையை நோக்கிக் கழுத்தை நீட்டியது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இன்னும் கிட்டே நீட்டினேன்.

அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"வேணாம்மா," என்றார். "நீ அத எடுத்துனு போய்டு."