கங்கம்மா எனக்காகப் போட்ட வேஷம்

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். பிழைப்புக்காகத் திருப்பதியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் நாயுடுபேட்டை பக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தேன். எங்களை வேலைக்கு வைத்த மேஸ்திரி, போன வருஷம், ஸ்டோர் ரூமில் என்னைப் பலாத்காரம் செய்தான். ஊரில் இதற்குக் 'கெடுத்துவிட்டான்' என்பார்கள். நான் கெடவில்லை. அதனால் அப்படி எழுத மாட்டேன்.

சோறு இறங்கவில்லை. செத்துப் போகலாம் என்றுகூட நினைத்தேன். கங்கம்மா கோயிலில் மஞ்சள் துணி முடிந்து அழுதேன். பெண்களைச் சீரழித்த பாளையக்காரனைத் தேடி வேஷம் வேஷமாகப் போட்டு அலைந்து, கடைசியில் அவன் தலையை வெட்டியவள் அவள். எனக்காக ஒரு வேஷம் போடு தாயே என்று கேட்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் நடந்ததையும் சேர்த்து மூடி வைத்தேன். அது என் முட்டாள்தனம்.

கடைசியில் தாங்க முடியாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற தெலுங்கு எனக்கு வரும். இதைச் சொல்ல வரவில்லை. அவரே பேசினார். "செய்யி பட்டுகுன்னாடு சார்" என்றார். கையைப் பிடித்தானாம், அவ்வளவுதானாம். அது புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

வெளியே வந்து கேட்டேன். "முழுசா சொன்னா மானம் பூடும்மே" என்று அழுதார். எனக்கு அவர் மேலும் கோபம், கங்கம்மா மேலும் கோபம்.

அங்கிருந்த பெண் போலீஸ் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். பின்னாலேயே வந்து, பெண்கள் உதவி மையத்துக்குப் போகச் சொன்னார். மறுநாள் போனோம். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, என்னைப் பார்த்ததும் கை கழுவிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் தெலுங்கில் ஆரம்பித்தார்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க" என்றார் அந்த அக்கா. என்னிடம், "நீ தமிழ்லயே சொல்லும்மா. நானும் சித்தூரு பக்கந்தான். எவ்ளோ நேரமானாலும் கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

எங்கள் வீட்டுப் பேச்சு அது. அழுது தீர்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம், வக்கீலிடம், மறுபடி போலீசிடம் அவரே கூட வந்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் குறைக்காமல் தெலுங்கில் சொன்னார். மேஸ்திரியைப் பிடித்தார்கள். கேஸ் நடக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது எனக்காகப் பேசுவதில்லை, கூட வருகிறார். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேறு இடத்தில் வேலைக்கும் போகிறேன்.

இந்த வருஷம் கங்கம்மா ஜாதரைத் திருவிழாவில் பொங்கல் வைத்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் கங்கம்மாவிடம் அழுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். உதவி மையத்துக்குப் போங்கள், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். அவள் கத்தியோடு வருவாள் என்று நான் காத்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தாள்.