பின்சீட்டில் கோழி, முன்சீட்டில் அக்கா

அந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோது அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

மணலூர்பேட்டையில், என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அடுத்த வீட்டுக் கொட்டகையில், யூரியா மூட்டைகளுக்கும் பழைய டிராக்டர் டயர்களுக்கும் நடுவே, நான்கு சக்கரத்திலும் காற்று இறங்கித் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது ஒரு பத்மினி கார். மேலெல்லாம் எச்சமும் தூசியும். என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிப்படலைத் தாண்டிவிட்டேன். கண்ணாடியைத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கோழி ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தது.

"யாரும்மா அது? கிட்ட போவாத, கொத்திடும்!"

குரல் கொடுத்தவர் அந்த வீட்டுக்காரம்மா. அறுபதை ஒட்டிய வயது. தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. கணவர் இறந்த பிறகு கரும்பும் நெல்லுமாக இருந்த சொந்த நிலத்தை அவரேதான் பார்த்துக்கொள்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அத்துமீறி உள்ளே வந்தவள் முதலில் அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாயில் வேறுதான் வந்தது.

"அக்கா, இந்தக் காரை விப்பீங்களா?"

அவர் என் புடவையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "இரும்புக் கடைக்காரங்க எத்தினியோ வாட்டி வந்து கேட்டாங்க, குடுக்கல. நீங்க இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"ஓட்டறதுக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் கோழியே ஒருமுறை எழுந்து, முட்டைகளைச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது.

நான் கள்ளக்குறிச்சியில் கணக்கு டீச்சர். பழைய கார் என்றால் எனக்குப் பைத்தியம். புதிய காரின் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதைப் பார்த்ததும் அந்நியர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். பழைய காரில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை போகும், கீழே தரை தெரியும். எந்தக் குழாய் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போகலாம். முதலில் என் ஸ்கூட்டரைப் பிரித்தேன். அடுத்து எதிர்வீட்டுக்காரரின் ஓடாத ஜீப்பைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். போனில் வீடியோ பார்ப்பேன், பிரிப்பேன், தப்பாக மாட்டுவேன், மறுபடி பிரிப்பேன். ஜீப் கடைசியில் ஓடியது. அன்றிலிருந்து தெருவில் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. மரியாதையா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் கணவர் பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குவதுதான் அவர் வேலை. லீவு நாளில் ஸ்டியரிங் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தோள் வலிக்கும். அவரை அழைத்துக்கொண்டு மறுவாரம் மணலூர்பேட்டைக்குப் போனேன். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது இன்னா, காரா கோழிக் கூண்டா?"

"ரெண்டும்தான் சார்," என்றார் அக்கா. "குடுக்கறேன். ஆனா இப்ப இல்ல. குஞ்சு பொரிச்சு அது எறங்கட்டும். அடையில இருக்கறத எழுப்பக்கூடாது."

அப்படியாக ஒரு கோழிக்காகக் காத்திருந்தேன். அக்கா போன் செய்து "தலப்பிள்ள பொறந்துடுச்சு டீச்சர்" என்று சொன்ன அன்றைக்குப் பள்ளியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.

காரை எடுக்கப் போனபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "ரிப்பேர் பண்ணி ஓடுச்சுன்னா என்ன ஒரு நாள் மலைக்கு இட்டுக்கினு போவணும். முன்னாடி சீட்டுல."

"தாராளமா வாங்க. ஏன்க்கா, முன்னாடிதான் வேணுமா?"

"கல்யாணமாகி இந்தக் கார்லதான் இந்த வூட்டுக்கு வந்தேன். எங்க மாமனார் வாங்கனது. அவுரு ஓட்டுவாரு, பக்கத்துல யாராச்சும் ஆம்பள ஒக்காந்துக்குவாங்க. பொம்பளைங்க பின்னாடி. எத்தினி வருசம் இதுல போயிருப்பேன்! ஊரப் பார்த்தேனா, ரோட்டப் பார்த்தேனா? முன்னாடி இருக்கறவங்க பொடனியத்தான் பார்த்துக்கினு போனேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கை பின்கதவின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரின் டிரெய்லரில் காரை ஏற்றினோம். காய்ந்த கரும்புச் சோகை மெத்தை மேல் அது சாமி ஊர்வலம் போல் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். என் கணவர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார்.

கழுவியபோது வெளிர்பச்சை நிறம் தெரிந்தது. மகிழ்ச்சி அத்தோடு சரி. எஞ்சின் இறுகிக் கிடந்தது. வருடக்கணக்காக நின்றதில் உள்ளே பிஸ்டன்கள் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் பெரிய ஸ்பேனரை மாட்டி அழுத்திப் பார்ப்பேன். அசையாது. மறுபடி ஊற்றுவேன். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் ஸ்பேனர் ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. நான் போட்ட கூச்சலில் என் கணவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எங்க பாம்பு?"

"பாம்பு இல்லீங்க, எஞ்சின் நவுருது!"

கம்பை ஓரமாக வைத்துவிட்டு, "எங்க, காட்டு" என்று அவரும் ஸ்பேனரைப் பிடித்துப் பார்த்தார். அவர் இந்தக் காரில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தது பெட்ரோல் டேங்க். உள்ளே துருவும் பிசினும். சின்ன ஜல்லிக் கல்லைக் கழுவிப் போட்டு, டீசல் ஊற்றி, வாயை மூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூளி ஆட்டுகிற மாதிரி ஆட்டினோம். கல்யாண மேளம் போலச் சத்தம். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் தலை நீட்டி, "இன்னா சார், நீங்களுமா?" என்று கேட்டார். என் கணவர் இன்னும் வேகமாக ஆட்டினார். செந்நிறமாக வந்த டீசல் மெல்ல மெல்லத் தெளிந்தது.

கார்புரேட்டரைப் பிரித்துச் சாப்பாட்டுத் தட்டில் பரப்பி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அந்த வாரம் முழுக்க என் கணவர் தன்னுடைய பிரஷ்ஷை பீரோவில் வைத்துப் பூட்டினார். பிரேக்கின் ரப்பர்கள், விசிறி பெல்ட், ரேடியேட்டர் குழாய் எல்லாம் மாற்றினேன். ஒரே ஒரு கதவுப் பிடிக்காகச் சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கினேன். இடது கதவுக்குக் கேட்டு வலது கதவுக்கு உள்ளதை வாங்கி வந்ததால் இரண்டாவது தடவையும் போனேன்.

ஸ்டார்ட் செய்த நாளில் தெருவே கூடியிருந்தது. சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். கனைத்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம், பின்னால் நீலப் புகை, புகையோடு சைலன்சரிலிருந்து பீறிட்டு வந்தன வேர்க்கடலைத் தோல்கள். மணலூர்பேட்டை எலிகள் பல பருவங்களாகச் சேர்த்து வைத்திருந்த மிச்சம். அத்தனையும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகள் மேல் போய் ஒட்டின. முதலில் சிரித்தது அந்தப் பக்கத்து வீட்டம்மாதான். வேட்டிகளை நானே துவைத்துக் கொடுத்தேன்.

உள்ளூரிலும் கச்சிராயபாளையம் வரையிலுமாக ஓட்டி, பிரேக் நம்பிக்கையாகப் பிடிக்கிறது என்று உறுதியான பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். விடுமுறை நாளில் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். புதுப் புடவை, தலை நிறையக் கதம்பம், கையில் புளிச்சோற்றுத் தூக்கு. காரைப் பார்த்ததும் கிட்டே வரவில்லை. கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். "பச்சை! ஆமாம், பச்சைதான் இது," என்றார். பிறகு முன்கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

நான் ஓட்டினேன். என் கணவர் பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கோமுகி அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவருடைய வாய் திறந்தது. "செகண்டு போடு." "ஹாரன் அடி." "இந்த வளைவுல உள்ள வாங்காத."

அக்கா திரும்பிப் பார்த்தார். "சார், பின்னாடி ஒக்காந்தவங்க பேசக்கூடாது. நாங்க பேசனமா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். வளைவுக்கு வளைவு அக்கா ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். குரங்கு, மூங்கில் புதர், கீழே தகடு போல் மின்னும் அணைத் தண்ணீர், தாண்டி வந்த ரோடு. ரோட்டைத்தான் அதிகம் காட்டினார். "அதோ, அந்த வளவுலதானே வந்தோம்? நாமளா அங்கேருந்து வந்தோம்?"

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவு ஏறி முடிந்த இடத்தில், எஞ்சின் இரண்டு விக்கல் விக்கி நின்றுவிட்டது. ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பார்த்து விரலை உதறினேன். சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிட்டால் கார்புரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. பம்பு குளிர்ந்தால் போதும். என் கணவரின் தோளில் கிடந்த புதுத் துண்டைக் கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் அக்காவே உருவிக் கொடுத்தார். குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. என் கணவர் ஓட்டுகிற அதே தடம். அவர் பானெட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். பயனில்லை. பஸ் நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"டிரைவரே! பஸ்ஸ வுட்டுட்டு இன்னாத்த எட்த்துக்கினு வந்துட்டீங்க?"

"தள்ளணுமா? எறங்கி வரட்டுமா?"

நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். "தள்ளல்லாம் வேணாம்," என்றார் சத்தமாக. "வூட்டுக்காரம்மா பாத்துக்குவாங்க. அவங்களே பிரிச்சுப் போட்டு மாட்டுன வண்டி."

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து விசில் பறந்தது. பஸ் டிரைவர் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

கரியாலூரில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, அருவிக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டார். "டீச்சர், நான் ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கட்டா?"

"ஓட்டத் தெரியுமா?"

"டிராக்டரு ஓட்டறேன். லைசென்ஸ் கூட கீது." ரவிக்கைக்குள்ளிருந்த பர்ஸை எடுத்துக் காட்டவும் செய்தார்.

ஊரைத் தாண்டிச் சமதளமான ரோட்டில் வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியரைப் பழகுவது முதலில் யாருக்கும் கஷ்டம். வண்டி தவளை போல் இரண்டு தாவல் தாவியது. பின்சீட்டில் நானும் என் கணவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். பிறகு சீராக ஓடியது. மரவள்ளிக் காடுகள் இரண்டு பக்கமும் நகர்ந்தன. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் பிடரியும் வாடத் தொடங்கிய கதம்பமும்தான். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

நிறுத்தச் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம்" என்று ஓட்டிக்கொண்டே போனார். நிறுத்திய பிறகும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "கனமாத்தான் இருக்குது," என்றார். "எங்க மாமனாரு கை வலிக்குது கை வலிக்குதுன்னுவாரு. சும்மா சொல்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே சிரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் உரம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கடைத்தெருவுக்கு அவரே ஓட்டுகிறார். உர மூட்டையை டிக்கியில் போட நான்தான் சம்மதிப்பதில்லை. அந்த வாசனை ஒரு வாரம் போகாது. அதில் மட்டும் எங்களுக்குள் சண்டை.

போன வாரத்திலிருந்து காருக்கு ஒரு புது வியாதி. வலப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கிறது. நான்குமுனைச் சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் இரண்டு நாள் முறைத்தார், மூன்றாம் நாள் சலாம் வைத்தார். ஸ்டியரிங்குக்குள் எங்கோ ஒரு ஒயர் உரசுகிறது. இன்று காலை என் கணவர் நைட் டியூட்டி முடிந்து வந்தார். தூங்கப் போவார் என்று நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். நான் டார்ச் அடிக்கிறேன். சரியாக அடிக்கவில்லை என்று திட்டுகிறார்.