எழுபத்தொரு முறை பந்தை இழந்தவர்

ஒன்பது கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர், எண்பத்தெட்டாவது நிமிடத்தில், எட்டவே எட்டாத ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுகிறார். அந்த ஓட்டத்தை யாராவது எழுதி வைத்தாக வேண்டுமா?

கோமதி காட்சியை நிறுத்தி மூன்று விநாடி பின்னால் இழுக்கிறார். மறுபடி ஓடவிடுகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோகிறார். பிறகு விசைப்பலகையில் மூன்று தட்டு. எண் பதினான்கு, துரத்தல், பந்து கிடைக்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த விநாடிக்குப் போகிறார்.

வங்காளத்தின் தலைநகரில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில், நான்காவது மாடியில், நாற்பது பேர் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் முந்தின நாள் நடந்த கால்பந்தாட்டத்தின் பதிவு காலையில் இங்கே வந்துவிடும். யார் தொட்டார், எங்கே அனுப்பினார், யார் இழந்தார் என்று ஒவ்வொரு தொடுகையையும் இவர்கள் பதிய வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது. அது அட்டவணையாகி வெளிநாட்டுக்குப் போகும். அங்கிருந்து பயிற்சியாளர்கள், பத்திரிகைக்காரர்கள், பந்தயம் கட்டுகிறவர்கள் என்று யார் யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

கோமதிக்கு நாற்பத்தாறு வயது. அப்பா தூத்துக்குடிக்காரர், துறைமுக வேலைக்காக வந்து கார்டன் ரீச்சில் குடியேறியவர். கோமதி இப்போது காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருக்கிறார். பதினான்கு வருடம் டாக்டர்கள் ஒலிப்பதிவில் முணுமுணுக்கும் நோய்க்குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்த கம்பெனி மூடியபோது, வேகமாகத் தட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியில் இங்கே வந்தார். கால்பந்து அவருக்குப் பிடிக்காது. ஆஃப்சைடை விதிப்புத்தகம் வாசித்துத் தெரிந்துகொண்டார். அந்த அறையில் மற்ற எல்லோருக்கும் கால்பந்து ஒரு பித்து. உள்ளூர் அணிகளில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்று டீ வேளையில் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் ஐரோப்பிய ஆட்டங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்ள, மிச்சம் விழுந்தது கோமதிக்கு: கரீபியன் தீவுகளின் வட்டாரப் போட்டி. அதிலும் கடைசி வரிசையில் ஒரு தீவு.

தீவின் பெயர் இங்கே வேண்டாம். மக்கள்தொகை பதினைந்தாயிரம், செவ்வாய்க்கிழமை காளி கோயில் வரிசையில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அலுவலகத்தில் அந்த அணிக்குக் 'குட்டி' என்று பெயர். கோமதி மட்டும் 'நம்ம தீவு' என்பார். பாசத்தில் அல்ல, தன் பொறுப்பில் உள்ளது என்ற அர்த்தத்தில்.

அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. சின்னத் தீவுகளில் ஒரே ஒரு கேமராதான் இருக்கும், அதுவும் கூரை மேல். சட்டை எண் தெரியாது. ஆகவே ஆளை ஆளாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டில் இப்படி இருக்கும்: "8: வலது காலுறை இறங்கிக் கிடக்கும். 3: கையை வீசாமல் ஓடுவார். கோல்கீப்பர்: அடிக்குமுன் இடுப்பைத் தொடுவார். 14: பந்து கை மாறிய பிறகும் நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் நிற்பார்." ஆளே தெரியாவிட்டால் அடிப்பதற்கென்று 'தெரியாது' என்று ஒரு விசை இருக்கிறது. ஐந்து வருடத்தில் கோமதி அதை அடித்தது பத்துப் பதினைந்து முறை இருக்கலாம்.

நல்ல மனுஷி என்று சொல்லிவிட முடியாது. அவரிடம் வேலை பழக வந்தவர்களில் மூன்று பேர் அழுதுகொண்டு வேறு வரிசைக்குப் போயிருக்கிறார்கள். வர்ணனையாளர் சிரித்தால் ஒலியை அணைத்துவிடுவார். "தோக்குதவன பாத்துச் சிரிக்கதுக்கு இவனுக்குச் சம்பளம் வேற" என்பார். வேலை மேற்பார்வை விவேக்கிடம். முப்பத்தொரு வயது, சென்னை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஐந்து கோல் வித்தியாசம் ஆகிவிட்டால் மிச்சத்தை விரைவாக ஓட்டி முடிக்கலாம் என்று அவர் ஒரு விதி கொண்டுவந்தபோது, கோமதி எழுந்து, "அப்போ அஞ்சாவது கோலுக்கப்புறம் அவனுவ வீட்டுக்குப் போயிட்டானுவளா தம்பி?" என்று கேட்டார். அறை சிரித்தது. விதி அப்படியே இருந்தது. கோமதி மட்டும் அதைப் பின்பற்றவில்லை.

செப்டம்பரில் அவருக்குப் பித்தப்பையில் கல். அறுவைச் சிகிச்சை, மூன்று வாரம் விடுப்பு. தீவின் அந்த மாத ஆட்டத்தைப் பக்கத்து இருக்கை சரிதா பதிந்தார். சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெண். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். கோமதியை அக்கா என்னாமல் 'தீதி' என்றுதான் கூப்பிடுவார்.

அக்டோபர் தொடக்கத்தில் தீவின் அடுத்த அணிப் பட்டியல் வந்தது. பெயர்களின் எழுத்தைச் சரிபார்ப்பது கோமதியின் வழக்கம். பதினான்கைக் காணோம். காயமோ என்று தீவின் செய்திப் பக்கத்தைத் தேடினார். காயம் இல்லை. தலைப்பே 'எழுபத்தொன்று' என்று இருந்தது. ஒரே ஆட்டத்தில் எழுபத்தொரு முறை பந்தை எதிரிக்குக் கொடுத்தவரை எந்த நாடு வைத்துக்கொள்ளும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். "எண்கள் பொய் சொல்லாது" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். பதினான்காம் எண்காரருக்கு விமான நிலையத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'தண்ணீர்க் குழாயையாவது கையில் பிடித்துக்கொள்வாரா?' அதற்கு நூற்றுச் சொச்சம் சிரிப்புகள். பதினைந்தாயிரம் பேர் உள்ள தீவில் நூறு பேர் சிரித்தால், ரொட்டிக் கடையில் பக்கத்தில் நிற்பவரும் அதில் ஒருவராக இருப்பார்.

கோமதி செப்டம்பர் கோப்பைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார். நாற்காலியைத் திருப்பினார்.

"ஏட்டி, செப்டம்பர் ஃபைலு நீதான போட்ட?"

"எது தீதி? குட்டியா? ஆமா, நான்தான்."

"பதினாலு எழுபத்தொரு தடவ பந்த விட்டான்னு இருக்கு. அவன் மொத்தமா முப்பது நாப்பது தடவதான் பந்தத் தொடுவான். தொடாத பந்த எப்படிட்டி விடுவான்?"

சரிதா பொரியை மென்றுகொண்டே சிரித்தார். "அது பதினாலு இல்ல தீதி. அது எல்லாரும்."

பிறகு விளக்கினார். மழை. ஒரு கேமரா. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் எண். ஆள் தெரியவில்லை. ஆனால் 'தெரியாது' பத்து சதவீதத்தைத் தாண்டினால் மென்பொருள் கோப்பை வாங்காது, திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஆள் தெரியாத பந்தையெல்லாம் யாராவது ஒருவர் பேரில் தள்ளிவிடுவது. எல்லா வரிசையிலும் இதுதான் நடைமுறை. தோற்கிற அணி என்றால் கேட்க ஆளில்லை. கோமதிக்கு மட்டும் இது தெரிந்திருக்கவில்லை. அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

"சரி. ஏன் பதினாலு?"

"வலது கை மவுஸ்ல இருக்குமில்ல தீதி? ஒண்ணும் நாலும் இடது கைக்கு வாகா இருக்கும்."

கோமதி அந்த இடது கையைப் பார்த்தார்.

"கைக்கு வாகா இருக்குன்னு ஒருத்தன் சோலிய முடிச்சிட்டியேட்டி."

"எனக்கு அந்த ஆள் யாருன்னே தெரியாது தீதி!"

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

விட்டுவிடுங்களேன் என்பதைச் சரிதா வங்காளத்தில்தான் சொன்னார். "சாடோ நா, தீதி." கோமதி விடவில்லை. விவேக்கின் மேசைக்குப் போனார்.

விவேக் கெட்டவர் அல்ல. கேட்டுக்கொண்டார். "மேடம், புரியுது. ஆனா ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. திரும்பத் திறந்தா நம்ம தப்புன்னு ரெக்கார்ட்ல ஏறும். இந்த வருஷம் ஏற்கனவே ரெண்டு இருக்கு. மூணாவது வந்தா கரீபியன் வேலையே வேற ஊருக்குப் போயிடும். எட்டு பேர் மேடம். நீங்களும் அதுல ஒருத்தர்."

"இருக்கட்டும்."

"ஒன்பது–சைபர்ல தோத்த டீம். எழுபத்தொண்ணா இருந்தா என்ன, பதினேழா இருந்தா என்ன?"

"ஒம்பது வாங்கினது பதினோரு பேரு, தம்பி. தூக்கி வச்சது ஒருத்தன் தலையில. அங்க ஒரு கோட்டிக்காரன் எண்கள் பொய் சொல்லாதுங்கான். எண்ணு சொல்லல. நாம சொன்னோம். இந்த ரூம்ல, ஏசி போட்டுக்கிட்டு, பொரி தின்னுக்கிட்டு."

"யாருமே கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே மேடம்."

"அவன் யார்கிட்ட பண்ணுவான்? எழுபத்தொரு தடவ விட்டமான்னு அவனே ராத்திரியெல்லாம் எண்ணிக்கிட்டுக் கெடப்பான்."

எட்டு பேரின் வேலை ஒரு பொய்யான காரணமல்ல. அதுதான் இதில் எரிச்சலூட்டுவது. அநியாயத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இப்படி ஒரு நியாயமான காரணம் கைகட்டி நிற்கிறது. பெரிய அணியின் நட்சத்திரம் பேரில் ஒரே ஒரு தவறான எண் விழுந்திருந்தால் அன்று மாலைக்குள் மன்னிப்புக் கடிதம் போயிருக்கும். சின்னவர்களின் ஓட்டத்தை எண்ணுவதற்கு நேரமில்லாதவர்கள், தவறுகளின் மொத்தத்தை மட்டும் அவர்கள் பேரில் ஏற்றத் தயங்குவதேயில்லை.

பூஜை விடுமுறை வந்தது. நகரமே தெருவில் இருந்த சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி நான்கு நாளும் கோமதி பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்தார். கீழே பந்தலில் மேளம். மேலே காவலாளியும் அவரும். செப்டம்பர் ஆட்டத்தை முதல் விநாடியிலிருந்து புதிதாகப் பதிந்தார். மழைக் கோடுகளுக்கு நடுவே நடையை, தோளை, நிற்கும் விதத்தைப் பார்த்து ஒவ்வொரு பந்துக்கும் ஆள் கண்டுபிடித்தார். இரண்டாம் நாள் சரிதா புதுப் புடவையோடு வந்து, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு: பதினான்காம் எண்காரர் பந்தை இழந்தது எட்டு முறை. அதில் ஒன்று நேராக நான்காவது கோலுக்குப் போனது. அது அவர் தவறுதான், அதுவும் ஏறியது. அதிகம் இழந்தவர் அணித்தலைவர், இருபத்திரண்டு. ஒருவரைத் தூக்கிவிட்டால் சுமை இன்னொருவர் தோளில் இறங்கும் என்று கோமதிக்குத் தெரியாமல் இல்லை. அதையும் அப்படியே பதிந்தார்.

விடுமுறை முடிந்த திங்கள்கிழமை பதினொரு மணிக்கு விவேக்கின் மேசை முன்னால் போய் நின்றார்.

"அனுப்புங்க."

"மேடம், நான் மேல கேக்கணும்."

"கேளுங்க. நிக்கேன்."

நின்றார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. தையல் போட்ட விலாவில் ஒரு கை. விவேக் இரண்டு முறை போனில் பேசினார், ஒரு முறை டீ வாங்கிவரச் சொல்லி அவருக்கே நீட்டினார். டீ ஆறி ஆடை படிந்தது. அறையில் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்று இருபதுக்கு விவேக், "உக்காருங்க மேடம், ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. 'திருத்தப்பட்டது, நன்றி.' அவ்வளவுதான். கரீபியன் வேலை வேறு ஊருக்குப் போகவில்லை. எட்டு பேரும் அப்படியே இருந்தார்கள். தீவின் கட்டுரையாளர் ஒரு வரி மாற்றி எழுதவில்லை. சிரிப்புகளும் அங்கேயே இருந்தன. கோமதி ஒரு வாரம் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, "செத்த மூதிகளா" என்று மூடினார்.

நவம்பர் பட்டியலில் பதினான்கு இருந்தது. திருத்தம்தான் காரணமா, வேறு யாருக்கோ முழங்கால் பெயர்ந்ததா, தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பதிவு வழக்கம்போல் கோமதியின் வரிசைக்கு வந்தது. அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஒன்றாக அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சரிதா குனிந்து, தொடங்கும் பதினொருவர் பட்டியலில் விரலை வைத்தார். "தீதி! ஸ்டார்டிங்லயே இருக்கான்!"

கோமதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வாசித்தார். பெயர்களின் எழுத்தைச் சரிபார்த்தார். பிறகு கோப்பை இழுத்துச் சரிதாவின் வரிசையில் போட்டார்.

"தீதி, இது உங்க தீவு. நானா? நான் போன தடவ..."

"நீதான். நான் போட்டா கை அவன் பக்கம் சாஞ்சிரும்" என்றார் கோமதி.

வேறு இரண்டு தீவுகளின் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்று யாரும் எடுக்காமல் கிடந்தது. அதைத் திறந்தார். சரிதாவின் திரை கண்ணில் படாதபடி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, முதல் தொடுகையை அடித்தார்.