சின்ன அறையின் மூச்சு

நகுலேஸ்வரி பயந்து ஒருவரும் கண்டதில்லை. புலம்பெயர்ந்து வந்த லூயிஷாமில் ஆறாம் மாடியில் வீடு. பதினான்கு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. லிஃப்டில் கத்தியோடு நின்ற ஒருவனை, "வழிய விடடா, அடுப்பில சோறு கிடக்கு" என்று தமிழிலேயே அதட்டி விலக்கியவள் என்று அந்தக் கட்டடத்தில் ஒரு கதை உண்டு. கத்தி மட்டும் பொய் என்பாள் அவள்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி ஆட்டிவைத்தது.

கட்டடம் முழுக்கச் சுவரில் பூஞ்சணம். நிர்வாகத்துக்கு எத்தனை கடிதம் போட்டாலும் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றுதான் பதில் வரும். குற்றம் சனத்திலா சுவரிலா என்று பார்க்க ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தது. நாற்பது வீடுகளில், அறைக்கு ஒரு பெட்டி. ஈரம், வெளிச்சம், மனிதர் விட்ட மூச்சு எல்லாவற்றையும் அது அளந்து அனுப்பும். கணக்கை வீட்டில் இருப்பவர்களும் போனில் பார்க்கலாம். பெட்டியைச் சுவரில் பொருத்தியவள் ஓவியா, மதுரைப் பக்கத்து ஆராய்ச்சி மாணவி.

"மூடின ரூம்ல ஆள் இருந்தா இந்த நம்பர் ஏறும் ஆன்ட்டி. இல்லேன்னா நானூத்திச் சொச்சத்துலயே நிக்கும்" என்று விளக்கியிருந்தாள்.

மூன்றாம் வாரம் அவள் ஒரு மாதிரி முகத்தோடு வந்து நின்றாள். "ஆன்ட்டி, சின்ன ரூம்ல யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அது சாத்தி மூண்டு வருசம்."

"செவ்வாய், வியாழன் மட்டும் காலைல பத்து மணிக்கு ஏறுது. ரெண்டு மணிக்கு இறங்குது. வெளிச்சம் சுத்தமா இல்லை. யாரோ இருட்டுல உக்காந்து மூச்சு விடறாங்க."

"உன்ர பெட்டி பழுது."

"ரெண்டு தடவ மாத்திட்டேன் ஆன்ட்டி."

அது சயந்தினியின் அறை. ஒரே மகள். தகப்பன் யோகராஜாவுக்குப் பிடிக்காத நிர்மலன் என்ற பொடியனைக் கட்டிக்கொண்டு போனாள். "எனக்கு மகள் இல்லை" என்று யோகராஜா சொன்னார்; அன்றோடு அந்தப் பெயர் வீட்டில் நின்றுபோனது. மகளும் ரோசக்காரிதான், போன் நம்பரை மாற்றிவிட்டாள். நகுலேஸ்வரி கோவிலில் விசாரித்தாள், கடைகளில் விசாரித்தாள். ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் மூன்று வருடம் போயிற்று.

அடுத்த செவ்வாய், பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அள்ளி வைத்தபடி அவள் போனைப் பார்த்தாள். நானூற்று முப்பது. பத்து மணி தாண்டியதும் ஐந்நூறு. பிறகு அறுநூற்றைம்பது. சரியாகப் பன்னிரண்டரைக்கு ஆயிரம். ஒருவரும் இல்லாத வீட்டில், சாத்திய அறைக்குள், ஏதோ ஒன்று நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அகப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. அம்மாடி, பயமே அறியாதவளுக்கா இப்படி!

வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் தள்ளினாள். திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. ஒரு பொருளும் அசையவில்லை. தலையணையின் நடுவில் மட்டும் ஒரு பள்ளம் இருந்தது. காலையிலும் இருந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை.

"பேயாவது பிசாசாவது! ஆரோ எங்கட கதவுத் திறப்பு வைச்சிருக்கிறான். வியாழன் பின்னேரம் பூட்டை மாத்துறன்" என்றார் யோகராஜா. சொன்ன வாயோடு அந்தக் கதவடியில் விபூதி தூவியதும் அவர்தான்.

அவர் குளிக்கப் போனபின்தான் அவள் வாசலில் செருப்பு சப்பாத்து வைக்க விரித்திருந்த பேப்பரைப் பார்த்தாள். அன்று மழை பிடித்தது அவள் வேலைக்குப் போன பிறகு. பேப்பரின் ஓரத்தில் ஈரம் ஊறிக் காய்ந்த இரண்டு சப்பாத்து அடித்தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. அவளுடையதைவிடச் சின்னவை.

பேய்க்கு எதற்குச் சப்பாத்து? கள்ளன் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்குள் வருவான்?

நகுலேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மகள் வீட்டை விட்டுப் போன அன்று அவளிடம் திறப்பை, வாசல் சாவியை, திருப்பிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வியாழன் பின்னேரம் பூட்டு மாறினால் அந்த ஒரு வழியும் அடைந்துவிடும். பிறகு எங்கே போய்த் தேடுவது? கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, சுகமில்லை என்று வேலைக்குப் பொய் சொன்னாள். வழமைபோல வெளிக்கிட்டு, யோகராஜா போனதும் திரும்பி வந்து, சின்ன அறையில் இருட்டுக்குள் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் பெட்டியின் பச்சைப் பொட்டு வெளிச்சம் மட்டும். இப்போது அங்கே மூச்சு விடுவது தான்தான் என்ற நினைப்பிலேயே அவளுக்குக் குளிரெடுத்தது.

பத்தேகாலுக்குத் திறப்பு திரும்பியது. கதவு திறந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நிமிடம் போயிருக்கும். கதவு மெல்லச் சாத்துப்பட்டது.

அட பாழாய்ப்போன பழக்கமே! ஒளித்திருக்க வந்தவள் தன் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டல்லவா வந்து இருந்தாள்!

ஓடினாள். லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாடியையும் வெறுங்காலோடு இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் ஆஸ்பத்திரி உடுப்போடு விறுவிறென்று போன முதுகைப் பார்த்து, "சயந்தினி!" என்று கத்தினாள். மூன்று வருடத்துச் சத்தம். நாலைந்து ஜன்னல்கள் திறந்தன.

மகள் திரும்பினாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"நான் ஒண்டும் எடுக்கேல்லை அம்மா."

"என்னடி கதைக்கிறாய்?"

"நிர்மலன் என்னை விட்டிட்டுப் போய் ஒரு வருசம். இப்ப ஒரு அறையில நாலு பேர் இருக்கிறம். இரவு வேலை முடிஞ்சு போனா கண்ணை மூட ஏலாது. எனக்கு என்ர கட்டிலிலதான் நித்திரை வருது. அதுக்குத்தான் வாறனான்."

நகுலேஸ்வரி ஓவென்று அழுதாள். பிறகு மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள்.

நாலு மணிக்கு யோகராஜா ஒரு கையில் ட்ரில்லும் மற்றக் கையில் புதுப் பூட்டுப் பெட்டியுமாக வந்தார். சின்ன அறைக் கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு மனைவி இருந்தாள். மடியில் போன். ஆயிரத்து நூறு.

"உள்ள ஆரப்பா?" என்றார் அவர்.

"ட்ரில்லைப் போட்டிடாதேங்கோ. உங்கட மகள் அழுதழுது இப்பதான் கண்ணயர்ந்தவள்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, பூட்டுப் பெட்டியைச் சத்தம் வராமல் நிலத்தில் வைத்தார்.