மத்தியாஸ் மாட்டிய மலைப் பல்லு

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்த மத்தியாஸுக்குக் கைத்தொழில் சீக்கிரம் வந்துவிட்டது. அடக்கம் மட்டும் கடைசிவரை வரவில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பழகி, நுவரெலியாவில் ஒரு கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ஒரு காரைச் செய்து முடித்துவிட்டால், தேத்தண்ணிக் கடையில் நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்து அதன் கதையை முழுசாகச் சொல்லாமல் எழும்ப விடமாட்டார். அவர் மனைவி பவுலின் பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கண்பார்வையாலேயே அடக்குகிற அந்த அம்மாளால் வீட்டில் இந்த ஒரு வாயை அடக்க முடியவில்லை.

அந்த வாயும் ஒருமுறை மூடிக் கிடந்தது. அது 1957ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம்.

காரணம் ஒரு சிவப்புச் சீமைக் கார். இரண்டே பேர் உட்காரலாம். மழை வந்தால் இரண்டு பேரும் நனையலாம். அதன் சொந்தக்காரர் சுந்தரலிங்கம், பஸாரில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்தின் மூத்த மகன். தங்கமான மனுஷன். ஆனால் வேகம் என்று யாராவது சொன்னால் கண் மண் தெரியாது. ஹட்டனில் சொந்தமாக ஒரு கராஜ் திறக்கப் போவதாகவும், அதை மத்தியாஸ்தான் நடத்த வேண்டும் என்றும் வாக்குக் கொடுத்திருந்தார். மத்தியாஸ் மனசுக்குள் அந்தக் கராஜுக்குப் பெயர்ப்பலகைகூட மாட்டிவிட்டார்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலையேற்றக் கார் போட்டி நடக்கும். தேயிலைக்கு நடுவே போகும் செங்குத்தான ரோட்டில், முடக்குக்கு மேல் முடக்காக வளைந்து வளைந்து, ஒவ்வொரு காராக ஏறவேண்டும். முந்தின வருஷம் சுந்தரலிங்கத்தின் கார் கடைசி முடக்கில் மூச்சு விட முடியாமல் நின்றுவிட்டது. வேடிக்கை பார்த்த சனம், "தள்ளி விடவா?" என்று கத்தியது. சுந்தரலிங்கம் அதை ஒரு வாரத்தில் மறந்துவிட்டார். மத்தியாஸால் முடியவில்லை. அந்தக் காரில் கை வைத்தவர் யார் என்று பஸார் முழுக்கத் தெரியுமே!

இந்த வருஷம் கொழும்பிலிருந்து பின் அச்சுக்கு இரண்டு ஜோடிப் பற்சக்கரங்கள் வந்திருந்தன. ஒன்றை மாட்டினால் சமதரையில் கார் வேகமாக ஓடும், மேட்டில் திணறும். மற்றதை மாட்டினால் வேகம் ஏறாது, மேட்டில் ஆடு மாதிரி ஏறும். மத்தியாஸ் முதலாவதை ஓட்டப் பல்லு என்றும் இரண்டாவதை மலைப் பல்லு என்றும் சொல்லுவார்.

"ஓட்டப் பல்லையே மாட்டு மத்தியாஸு" என்றார் சுந்தரலிங்கம். "ஊசி மணிக்கு எழுபது மைலாவது காட்டணும். கடைக்கு வர்றவங்க எல்லாம் என்ன வேகம் போகும்னு கேக்குறாங்க. அறுபத்தஞ்சுன்னு சொல்ல வெக்கமா இருக்கு."

"சின்ன மொதலாளி, அது மலைங்க. முடக்குல திரும்பினதும் கார் உசுரை விட்டுரும். போன வருசம் பட்டது போதாதுங்களா?"

"போட்டின்னா வேகந்தானே? சொன்னதைச் செய்."

மத்தியாஸ் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு மலைப் பல்லையே மாட்டினார். மேட்டில் ஏறும்போது சுந்தரலிங்கமே புரிந்துகொள்வார் என்று நினைப்பு.

மறுநாள் குதிரைப் பந்தயத் திடல் ஓரமாக உள்ள நேர் ரோட்டில் இருவரும் காரை விட்டுப் பார்த்தார்கள். வேகமானி ஊசி எழுபதைத் தாண்டி எழுபத்திரண்டில் போய் நின்று நடுங்கியது. சுந்தரலிங்கம் காரை நிறுத்தி மத்தியாஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மத்தியாஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஊசியை ஆட்டும் கம்பி எஞ்சின் பக்கமிருந்து வருவது. பின் அச்சில் பல்லு மாறியது அதற்குத் தெரியாது. எஞ்சின் கூடுதலாகச் சுற்றியதை அது வேகம் என்று எண்ணிக்கொண்டது. கார் ஓடியது பழைய அறுபத்தைந்துதான்.

அன்றைக்கு மூடிய வாய்தான். உண்மையைச் சொன்னால் ஹட்டன் கராஜ் போச்சு. சொல்லாவிட்டால் தூக்கம் போச்சு.

"ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பவுலின் கேட்டுப் பார்த்தார். 

பெரிய வியாழனுக்கு முன், செய்த பாவத்தைச் சாமியிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்க முடியுமா? மாதா கோயிலில் மத்தியாஸின் முறை வந்தது. கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சூசைரட்ணம் சாமி. தோட்டந்தோட்டமாகப் பழைய மோட்டார் சைக்கிளில் பூசைக்குப் போகிறவர்.

"சாமி, ஓட்டப் பல்லு மாட்டச் சொன்னாங்க. நான் மலைப் பல்லு மாட்டிட்டேன்."

சாமி பத்துக் கட்டளைகளையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இது எந்தக் கட்டளையில வருது மத்தியாஸு?" என்றார் கடைசியில்.

மத்தியாஸ் ஊசிக் கதையையும் சேர்த்துச் சொன்னார். சாமிக்கு ஆர்வம் வந்துவிட்டது. முடக்கில் இரண்டாம் கியர் தாங்குமா, முதலாம் கியர் போட வேண்டியிருக்குமா என்றெல்லாம் கேட்டார். வெளியே வரிசையில் கால் கடுக்க நின்ற சனம், இவ்வளவு நேரம் ஆவதைப் பார்த்து, மத்தியாஸ் யாரையோ கொன்றுவிட்டார் என்றே முடிவு கட்டியிருக்கும்.

"போட்டியில கார் கிளம்புறதுக்கு முந்தி அவர்கிட்ட உண்மையைச் சொல்லணும். அதுதான் உன் பரிகாரம்" என்றார் சாமி.

"கிளம்புறதுக்கு முந்தின்னா... எவ்வளவு முந்தி, சாமி?"

"முந்தி."

மத்தியாஸ் அந்த வார்த்தையை எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்தார். போட்டி நாளில் கார் கோட்டில் நின்று, கொடிக்காரர் கையைத் தூக்கப் போகும்போதுதான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

"சின்ன மொதலாளி, உள்ள இருக்கிறது மலைப் பல்லுங்க. என்னைய மன்னிச்சிருங்க!"

சுந்தரலிங்கத்தின் முகம் காரின் நிறத்துக்கு வந்தது. அவர் வாயைத் திறக்கவும் கொடி விழவும் சரியாக இருந்தது. சொல்ல வந்த கெட்ட வார்த்தை முழுவதையும் காலுக்குக் கொடுத்து மிதித்தார். கார் பறந்தது.

மத்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டார். முடக்குக்கு முடக்கு எஞ்சின் சத்தம் மேலே மேலே போனது. கடைசி முடக்கு வந்தது. சத்தம் ஒரு கணம் அமுங்கி, மறுபடி கிளம்பி, உச்சிவரை போயே போய்விட்டது. மத்தியாஸுக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

சின்னக் கார்களின் பிரிவில் சுந்தரலிங்கத்துக்கு இரண்டாம் இடம். சின்ன வெள்ளிக் கிண்ணத்தோடு இறங்கி வந்தவர், மத்தியாஸை ஒரு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அப்ப அந்த எழுபத்திரண்டு?"

"பொய்யிங்க. ஊசிக்குப் பல்லு மாறினது தெரியாது. நெசம் அறுபத்தஞ்சுதான்."

"ஓட்டப் பல்லு மாட்டினா?"

"நேர் ரோட்டுல கொஞ்சம் கூடவே ஓடும். ஆனா ஊசி கொறைச்சுத்தான் காட்டும். இப்பவே மாத்தித் தர்றேங்க. ஹட்டனுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சுந்தரலிங்கம் கிண்ணத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"சாமிக்கு. பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்."

"அவர் வெளியில சொல்லமாட்டாரே?"

"தலை போனாலும் சொல்லமாட்டாருங்க."

"அப்ப அந்தப் பல்லைத் தொடாத" என்றார் சுந்தரலிங்கம். "ஹட்டனுக்கு வேற ஆள் நான் எங்க போயி தேடுறது? நீதான் வரணும்."

வருஷக் கடைசியில் ஹட்டன் கராஜ் திறந்தது. வாசலில் சிவப்புக் கார், அதைச் சுற்றிக் கூட்டம். என்ன வேகம் போகும் என்று யாரோ கேட்டார்.

"எழுபத்திரண்டு" என்றார் சுந்தரலிங்கம். "நம்பாட்டி மத்தியாஸைக் கேளுங்க."

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. எந்தக் காரைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசக்கூடிய மத்தியாஸ், அன்றைக்கு ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேங்க, ஊசி எழுபத்திரண்டுல நின்னுச்சு."

அடுத்த தவசு காலத்தில் கம்பித் தட்டிக்கு இந்தப் பக்கம் அவர் முழங்காலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அதே பல்லா?" என்றார் சாமி.

"அதே பல்லுதான், சாமி."